பேஸ் கிற்றாரும் கம்பியிலிக் கருவியும்

கரைவலை வளைத்து இழுக்கும் கடற்கரைப் பகுதியைப் 'பாடு' என வழங்குவது எம் கடலோரத்து மரபு. ஒருவருக்குரிய பாட்டில் மற்றொருவர் வலை வளைத்தல் ஆகாது. வளைத்தால் வலையும் சிக்கும், உறவும் சிக்கும். மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தாழ்வுபாட்டின் பெயரிலேயே இச்சொல் அமைந்திருத்தல் காண்க. வானலைகளுக்கும் இத்தகைய பாடுகள் உண்டு. இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கும் இளைஞன் கம்பியிலிக் கருவியொன்றை வாங்கப் புகுமுன் அறியவேண்டுவனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தமிழாசிரியனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947 ஆம் ஆண்டில் அரங்கேறிய அவருடைய யாழ் நூல், நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணக்கிட்டே பண்டைய இசையின் இயல்பைத் துலக்கிற்று. ஆதலின் நரம்புக் கணக்கு தமிழாசிரியனுக்கு அயலான பொருளன்று. அதனினும் அணுக்கமான காரணமும் ஒன்றுண்டு. எம் பகுதி இளைஞர் திருவிழா மேடைகளில் வாசிக்கின்றனர். அம்மேடைகளிற் பல மணலின்மேல் எழுந்து ஜெனரேற்றரின் மின்னால் இயங்குபவை.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவோம். மெலிவு, சமன், வலிவு எனப் பண்டையோர் வகுத்த மூன்று தானங்களுள் மெலிவுத் தானத்துக்கும் கீழிறங்கி ஒலிப்பது பேஸ் கிற்றார். நான்கு நரம்புடைய கருவியின் தடித்த நரம்பு, ஒரு செக்கனில் ஏறத்தாழ 41 முறை அதிர்வது. ஏனைய மூன்றும் முறையே 55, 73, 98 முறை அதிர்வன. ஐந்து நரம்புடையதாயின் அடிநரம்பின் மீடிறன் 31 அளவிற்கு இறங்கும். இன்று நாம் காணும் வடிவிற் பெரிதும் பரவியது, 1951 இல் அமெரிக்கராகிய லியோ ஃபென்டர் விற்பனைக்குக் கொணர்ந்த கருவியே. ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸ், மோகினி டே முதலியோர் வாசித்த பேஸைக் கேட்டோர், அக்குரலை நீக்கினாற் பாட்டு எத்துணை மெலிந்துபோகும் என்பதை அறிவர். பைலாவிலோ சொல்லவே வேண்டுவதில்லை. ஆடுவோரின் காலடியை நிறுத்துவது அதுவே.

இனி, கம்பியை நீக்கவேண்டியது எதற்கு? மேடையில் ஓடியாடுதற்கு என்பர் இளைஞர். பேஸ் வாசிப்போன் பெரும்பாலும் பறை வாசிப்போன் அருகில் நிற்பவன். ஆறு மீற்றர்க் கம்பி அவனுக்குப் போதும். ஓடியாடுதல் ஒன்றே நோக்கமாயின் அப்பணத்தை நல்ல கம்பி வாங்குவதிற் செலவிடுக என்பேன். ஆயினும் வேறொரு காரணம் உண்டு. அது உயிரைப் பற்றியது.

மின்கிற்றாரின் நரம்புகள் வாத்தியத்தினுள்ளே ஒரு மெல்லிய கம்பியால் இணைக்கப்பட்டு, கம்பியின் வெளியுறை வழியாக விரியலாக்கியின் உலோக உடலைச் சேர்கின்றன. அவ்வுடல் புவியோடு தொடுக்கப்பட்டிருக்கும்வரை தீங்கில்லை. புவித்தொடுப்பு அறுந்து, உள்ளே பழுதும் நேர்ந்தால் 230 வோல்ற்று மின் வாசிப்போனின் விரல்வரை வந்து நிற்கும். அவன் இடக்கை நரம்பைப் பற்றியிருக்கையில் உதடு ஒலிவாங்கியிற் பட்டால், மின்னோட்டம் கையிலிருந்து நெஞ்சின் வழியே பாயும். 1972 மே 3 ஆம் நாள் வேல்சு நாட்டு சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் ஸ்கொத்லாந்துக் கிற்றார்க் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்ட அளவில் மாண்டார். 1976 டிசம்பர் 12 ஆம் நாள் அமெரிக்காவின் லேக்லாண்ட் நகரில் கிஸ் குழுவினரான ஏஸ் ஃபிரேலி, புவித்தொடுப்பில்லாத கைப்பிடிக் கம்பியைத் தொட்டு மின்னால் தாக்குண்டு உயிர் தப்பினார். அதன் பின்னர் அக்குழுவினர், கென் ஷாஃபர் என்பார் அக்காலத்தில் ஆக்கிய கம்பியிலிக் கருவியைக் கைக்கொண்டனர். கிற்றாருக்கும் விரியலாக்கிக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லாதபோது மேற்கூறிய வழி அடைபடுகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கம்பியிலி ஒரு வழியைத்தான் அடைக்கும். ஈரமணலில் வெறுங்காலோடு நிற்பவன் பழுதுற்ற ஒலிவாங்கியைப் பற்றினால், அவன் தோளிற் கிடக்கும் கருவி கம்பியுடையதாயினும் அற்றதாயினும் மின் அவன் கால்வழியே இறங்கும். ஆகவே ஜெனரேற்றருக்குத் தகுந்த மின்வினைஞரைக் கொண்டு புவித்தொடுப்புச் செய்வித்தலும், 30 மில்லியம்பியர்க் கசிவிலேயே அறுந்துவிடும் ட்ரிப் சுவிச்சைப் பொருத்துதலும் முதற் செலவு. கம்பியிலி இரண்டாம் செலவு. இவ்வரிசையை மாற்றி வாங்குவோரே பலர்.

கம்பியிலிக் கருவி இரு பாகமுடையது. வாசிப்போனின் இடுப்பிலோ கிற்றாரின் துளையிலோ இருப்பது செலுத்தி. விரியலாக்கியருகே இருப்பது வாங்கி. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களின் நடுவில் கம்பியின்றி மணியடித்துக் காட்டிய அதே வானலைதான் இங்கும் தூது செல்கிறது. கடைகளிற் கிடைப்பன பெரும்பான்மையும் மூன்று பாடுகளில் இயங்குவன: தொலைக்காட்சிக்குரிய 500, 600 மெகாஹேட்ஸ்ப் பகுதி, 2.4 கிகாஹேட்ஸ், 5.8 கிகாஹேட்ஸ். இவற்றின் அலைநீளம் முறையே ஏறத்தாழ 60, 12, 5 சென்ரிமீற்றர். அலை குறுகக் குறுக, மனித உடல் அதனை எளிதில் மறைக்கும். நம் உடலிற் பெரும்பகுதி நீராதலின்.

2.4 கிகாஹேட்ஸ் உரிமம் வேண்டாத பொதுப் பாடு. கைத்தொலைபேசி, வைஃபை, புளூடூத் யாவும் வலை வளைக்கும் இடமும் அதுவே. எம்மூர் இளைஞர் இருவர், திருவிழாவுக்கு முன்னாட் காலை ஆளில்லாக் கடற்கரையில் இத்தகைய சிறு கருவியொன்றைச் சோதித்தனர். அறுபது அடி தூரத்திலும் குரல் அறாமல் வந்தது. மறுநாள் இரவு மேடைமுன் சனம் கூடிய பின்னர், பதினைந்து அடியிலேயே அது விட்டுவிட்டு ஒலித்தது. கருவியிற் குற்றமில்லை. நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் ஒரு பாட்டில் இறங்கிவிட்டன. நடுவே உடல்கள் வேலியாயின. வாங்கியை விரியலாக்கியின் பின்னே தரையிற் கிடத்தியிருந்ததை மாற்றி, ஒரு தாங்கியில் தலைக்குமேல் உயர்த்தி, செலுத்தியைக் காணும்படி வைத்த பின்னர் நிலைமை பெரிதும் சீராயிற்று. இரண்டு உணர்கொம்புடைய வாங்கியைத் தெரிவு செய்தல் நன்று: நேராக வந்த அலையும் தெறித்து வந்த அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்குமாயின், சற்றுத் தள்ளிய மற்றக் கொம்பில் அழியாது. வாங்கி நல்லதை எடுத்துக்கொள்ளும்.

தொலைக்காட்சிப் பகுதியில் இயங்கும் கருவிகள் சனத்தைக் கடந்து செல்வதில் வல்லன. ஆனால் அங்குத்தான் எம் தீவுக்கேயுரிய சிக்கலும் உளது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைவெளி ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. அக்கரை இராமேசுவரத்தில் 300 மீற்றருக்கு மேல் உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. தனுஷ்கோடி மணலில் நிற்போரின் கைத்தொலைபேசியில் இலங்கை வலையமைப்பின் பெயர் தோன்றுவதும் உண்டு. கடலின் மேல் வானலை நெடுந்தூரம் செல்லும். வெப்பக் காற்றடுக்குகள் அமைந்த நாள்களில் இன்னும் தொலைவு செல்லும். கொழும்பில் வெறிதாயிருந்த மீடிறன் மன்னாரில் வெறிதாயிருக்கும் என நம்பலாகாது. ஆதலின், செலுத்தியை அணைத்துவிட்டு வாங்கியை மட்டும் இயக்கி, அதன் அலைமானி எழுகிறதா எனப் பார்க்க. எழுந்தால் அப்பாட்டில் வேறொருவர் வலை கிடக்கிறது. வேறு மீடிறனுக்கு நகர்க.

இன்னொன்று. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் அண்ணனோ மாமனோ அன்போடு வாங்கி அனுப்பும் கருவிகள் பல. அமெரிக்காவில் 600 மெகாஹேட்ஸ்ப் பகுதியின் பெரும்பாலான இடத்தை மேடைக் கருவிகள் 2020 யூலை 13 ஆம் நாளோடு விட்டகலவேண்டியதாயிற்று. 700 மெகாஹேட்ஸ்ப் பகுதியை 2010 இலேயே விட்டன. அவ்வாறு அங்குச் செல்லாக்காசாகிய கருவிகள் பழையன விற்கும் சந்தையில் மலிவாய்க் கிடைத்தன. பிரித்தானியாவில் உரிமமின்றிப் பயன்படும் 863 முதல் 865 மெகாஹேட்ஸ் வரையிலான பகுதிக்கெனச் செய்த கருவி, பிறிதொரு நாட்டில் அவ்வாறே ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. இங்கு அலைகளைப் பங்கிடுவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கருவியின் பின்புறத்துப் பட்டியில் அச்சிட்ட மீடிறன் எல்லையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதனை ஆணைக்குழுவிடம் வினவித் தெளிந்த பின்னரே வாங்கச் சொல்லுக. அன்பளிப்பு வந்து சேர்ந்த பின் வினவுவது இரு பக்கத்துக்கும் மனவருத்தம்.

இனிப் பேஸுக்கே உரிய கேள்விக்கு வருவோம். பாடுவோருக்கெனச் செய்த கம்பியிலி பலவற்றில், மூச்சொலியையும் காற்றொலியையும் தடுப்பதற்காகத் தாழ்ந்த மீடிறன்களை வெட்டிவிடும் அமைப்பு உண்டு. நாட்டுக்கூத்தில் அண்ணாவியாரின் குரலுக்கு அது நன்மை. 41 ஹேட்ஸில் அதிரும் நரம்புக்கு அது கழுத்தறுப்பு. மேலும், பழைய ஒப்புமை முறைக் கருவிகள் ஒலியின் ஏற்றத்தாழ்வைச் செலுத்தியில் பாதியாகச் சுருக்கி, வாங்கியில் மீள விரிக்கும். சுருக்கும் சுற்று ஒலியின் அளவை நொடிதோறும் அளந்துகொண்டேயிருப்பது. நரம்பு மெதுவாக அதிரும்போது அது அலையின் வளைவையே ஒலியின் ஏற்றமெனக் கொண்டு குழம்பும். நரம்பைத் தட்டிய முதற் கணத்தின் தாக்கு மழுங்கும். நீண்ட சுரம் மூச்சிரைப்பதுபோல் ஏறியிறங்கும். இலக்கமுறைக் கருவிகளிற் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கல் விரித்தல் வேண்டுவதில்லை. எனவே பேஸுக்கு இலக்கமுறையே என் தெரிவு. விளம்பரத்தில் 'நூறு மீற்றர்' என்பதைப் பாராது, மீடிறன் வீச்சு எத்தனை ஹேட்ஸிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்க்க. 20 என்றிருந்தால் ஐந்தாம் நரம்புக்கும் போதும். 80 என்றிருந்தால் விலகுக.

இலக்கமுறைக்குத் தாமதம் என்னும் குற்றம் சாட்டுவர். உண்மைதான், ஒலியை எண்ணாக்கி மீண்டும் ஒலியாக்க மூன்று நான்கு மில்லிசெக்கன் செல்லும். ஆனால் வெறுங்காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றரே செல்வது. விரியலாக்கியிலிருந்து மூன்று மீற்றர் விலகி நின்றாலே எட்டொன்பது மில்லிசெக்கன் போய்விடும். தாமதம் 5 மில்லிசெக்கனுக்கு உட்பட்டதாயின், ஓரடி ஈரடி முன்வந்து நிற்க, வழக்குத் தீர்ந்தது. புளூடூத்தின் தாமதமோ பெரும்பாலும் இதனிற் பன்மடங்கு. காதணி ஒலிவாங்கி இணைக்கும் அவ்வழியைக் கிற்றாருக்கு எண்ணவும் வேண்டா.

வேறு மாற்றமொன்றும் செவிக்குப் புலப்படும். நீண்ட கம்பி, பற்றறி இல்லாத கிற்றாரின் கூர்மையைச் சற்றே மழுக்குவது. கம்பி நீங்கியதும் நரம்பின் உரசலொலி மேலெழும். சிலர் இதனைத் தெளிவென்பர், சிலர் வறட்சியென்பர். விரியலாக்கியின் உயர்சுருதிக் குமிழைச் சிறிது குறைத்தால் பழைய குரல் கிட்டும். உள்ளே பற்றறியுடைய பேஸ் ஆயின் சிக்கல் வேறு: அதன் வெளியீடு வலிது, மலிவான செலுத்தியின் வாயிலில் அது உடைந்து கரகரக்கும். உள்ளீட்டைக் குறைக்கும் சுவிச்சு உள்ளதா எனக் கேட்டு வாங்குக.

மூன்று கருவிகளுக்கு மேல் ஒரே மேடையில் இயங்குமாயின் மீடிறன்களைச் சம இடைவெளியில் அடுக்குதல் தவறு. 520, 521 ஆகிய இரண்டும் கலந்து 519 இலும் 522 இலும் பொய்யலைகளைப் பிறப்பிக்கும். மூன்றாங் கருவி 522 இல் இருந்தால் அதன் கதி அதோகதி. கருவி செய்தோர் வகுத்தளித்த தொகுதிகளையே கைக்கொள்க.

பற்றறியைப் பற்றிச் சிறிது. துளையிற் செருகும் சிறு கருவிகள் உள்ளமைந்த லிதியம் பற்றறியால் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் இயங்குவன. தீர்ந்தால் மாற்ற இயலாது. விடியும்வரை நிகழும் கூத்துக்கும் இசைக்கும் அது போதாது. கடையில் வாங்கி மாற்றத்தக்க பற்றறி கொள்வதே எம் பகுதிக்கு ஏற்றது. உப்புக்காற்றையும் மறவாதீர். எம் தென்கரையில் 2020 ஆம் ஆண்டு தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிறுவப்பட்டன. அவற்றைச் சுழற்றும் சோளகம்தான் செலுத்தியின் பித்தளை வாயிலையும் பற்றறித் தகட்டையும் பச்சைபூக்கச் செய்வது. வாசித்து முடிந்ததும் பற்றறியைக் கழற்றி, உலர்ந்த துணியால் தொடுமுனைகளைத் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் இடுக.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதலிற் கம்பியோடு தடித்த நரம்பைத் திறந்தபடி ஒருமுறை தட்டி, ஒலி முற்றும் அடங்கும்வரை கேட்க. பின்னர்க் குமிழ் எதனையும் அசைக்காமற் கம்பியிலியை இணைத்து அதே நரம்பை அதே வன்மையோடு தட்டுக. ஒலி அடங்கும் கடைசி ஓரிரு செக்கன்களிற் சீறலோ, திடீரென அறுதலோ, ஏறியிறங்கும் மூச்சோ கேட்டால் அக்கருவியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அதன் பின் முதுகை வாங்கிக்குக் காட்டித் திரும்பி நின்று இன்னொரு முறை தட்டுக. கடைக்காரர் அவசரப்படுத்தினால், தாழ்வுபாட்டிலிருந்து வந்த பஸ் திரும்பப் போக இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லுங்கள்.