அமைதிப் பாடமும் குடிமையியலும்



அமைதிக் கல்வி என்றதும் புறா படமும் பேச்சுப் போட்டியும்தான் நமக்கு ஞாபகம் வரும். குடிமையியலோ பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு மூட்டை கட்டிய பாடம். இரண்டும் தனித்தனியாக நின்றால் ஒன்றுக்கும் உதவாது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி வட அயர்லாந்து.

அங்கே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே முப்பது வருஷ மோதலில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். வெறும் மதச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தோடு சேருவதா, பிரிட்டனோடு இருப்பதா என்பது ஒரு பக்கம். 1968-ல் ஊர்வலம் போனவர்கள் கேட்டது வேறு. அரசாங்க வீடு ஒதுக்குவதில் பாரபட்சம். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஓட்டு. அறை எடுத்துத் தங்குகிறவனுக்குக் கிடையாது. கம்பெனிகளுக்கோ கூடுதல் ஓட்டு! ஆளுக்கு ஒரு ஓட்டு கொடு என்றார்கள். இது குடிமையியல் பாடம்தானே?

பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள். 1981-ல் பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர்கள் சேர்ந்து லகன் காலேஜ் என்ற கலப்புப் பள்ளியை 28 மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். 1992 முதல் 'பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி' எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமானது. இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்து டூர் அழைத்துப் போனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வீடு, வேலை, போலீஸ் என்ற கசப்பான பேச்சைப் பல பள்ளிகள் தொடவே இல்லை. நம்ம எலக்ட்ரிக்கல் பாஷையில், ஃபால்ட் எங்கே என்று பார்க்காமல் ஃபியூஸுக்குத் தடித்த கம்பி போட்ட கதை.

1998 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பாதை மாறியது. சமத்துவம், மனித உரிமை, ஜனநாயகம் எல்லாம் சேர்ந்த குடிமைப் பாடம் 2007-ல் பாடத்திட்டத்துக்குள் வந்தது. (அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூடக் கலப்புப் பள்ளியில் படிக்கவில்லை.)

நம்ம கதைக்கு வருவோம். பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்ந்ததும் குடிமையியல் நின்றுவிடுகிறது. மூன்றாம் வருஷம் முடிவதற்குள் கையில் ஓட்டு வந்துவிடுகிறது. நடுவில் யார் சொல்லித் தருவது?

ஹாஸ்டலில் ரூம் பிரிக்கும்போது "எந்த ஊர், எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்துக் கேட்பது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தட்டிக் கேட்டால் "பிரச்சினை பண்ணாதீங்கப்பா, ஒத்துமையா இருங்க" என்று சீனியர்கள் சொல்வார்கள். நமது அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1976-ல் சேர்த்த 51-ஏ பிரிவு சகோதரத்துவம் வளர்ப்பதைக் கடமையாக்கியது. 17-ஐ மறந்துவிட்டு 51-ஏ மட்டும் பேசினால், உபதேசம் முழுக்க அடிபட்டவனுக்குத்தான் போய்ச் சேரும்.

யூனியனுக்கு என் யோசனை இது. அடுத்த வருஷம் 'உலக சமாதானம்' பேச்சுப் போட்டியை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் 14 முதல் 17 வரையுள்ள பிரிவுகளை வாசிப்போம். வார்டன் சாரையும் கூப்பிடுவோம். ரூம் லிஸ்ட்டை ரோல் நம்பர்படி போடுவதா, சீட்டுக் குலுக்குவதா என்று அங்கேயே ஓட்டுக்கு விடலாம்.