பாடசாலை விட்ட பின்னர் பிள்ளைகள்

எமது நாட்டில் ஆரம்பக் கல்வி தரம் 1 முதல் தரம் 5 வரையாகும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றினூடாகவும் பிள்ளை கற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஆயினும் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கவே, பாடசாலை விட்டு வந்த பிள்ளை வினாத்தாள்களுடன் ரியூசனுக்குச் செல்கின்றது. முதலில் பறிபோவது விளையாட்டே.

ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் அதன் 31 ஆம் உறுப்புரையில் கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்றுக்கொண்டது.

விளையாட்டு வீண்பொழுது அன்று. பல்லாங்குழியின் 14 குழிகளிலும் ஐந்தைந்தாக இடுவதற்கு 70 புளியங்கொட்டைகள் வேண்டும் எனப் பிள்ளை தானே எண்ணி அறிகின்றது. கையிலெடுத்த கொட்டைகள் எந்தக் குழியில் முடியும் என முன்கூட்டியே கணிக்கின்றது. கிளித்தட்டில் அணியாக நின்று விளையாடவும் தோல்வியைத் தாங்கவும் பழகுகின்றது. பண்ணிசை செவியையும் உச்சரிப்பையும் திருத்துகின்றது. கதையை வாசித்துத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதுதல் சுமையாகாது.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. சனசமூக நிலையமும் கோயில் வீதியும் மூத்தோர் ஒருவரின் மேற்பார்வையும் போதும். மாலையில் ஒரு மணி நேரத்தையாவது பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும்.