பழைய கார் பந்தயக் கார் ஆவது எப்படி?
(அறிவியல் பகுதி)



எங்க மாமா கோயம்புத்தூரில் ஒரு சின்ன கார் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கி வந்தார். "இது ரோட்டுக்கு இல்ல மாப்ள, டிராக்குக்கு" என்றார். விடுமுறை நாளெல்லாம் அந்தக் கார் பக்கத்திலேயே கிடந்தேன். அங்கே பார்த்ததையும், நம்ம இயற்பியல் வகுப்பில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் ஐயா மன்னிக்கணும்!

முதலில் கொஞ்சம் வரலாறு

ரேஸ் என்றால் வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் இருந்தது. பல வருஷம் ரேஸ் அங்கேதான் நடந்தது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. நம்ம ஊர்க்காரர் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயக் காரையே இங்கே உருவாக்கினார். அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. டிராக்குக்கு அவர் பெயர்தான். ஃபார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

சரி, பட்டறைக்குப் போவோம்.

படி 1: பாடியைப் பார், இன்ஜினைப் பிறகு பார்

எல்லாரும் கார் வாங்கும்போது பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பார்கள். மாமா கையில் ஒரு காந்தத்தோடு போனார்! தகரம் துருப்பிடித்த இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. கதவுக்குக் கீழே, தரைத் தகடு, முன்சக்கர சஸ்பென்ஷன் ஏறி நிற்கும் இடம், இந்த மூன்றும் திடமாக இருக்கணும். "இன்ஜின் போச்சுன்னா வேற போட்டுக்கலாம். பாடி போச்சுன்னா காரே போச்சு" என்றார்.

படி 2: கழற்று, கழற்று, கழற்று

பின்சீட், கார்ப்பெட், ஏ.சி., கதவு உள்பலகை, ஸ்டெப்னி, ஸ்பீக்கர், சத்தம் அடக்க ஒட்டிய தார் அட்டை எல்லாம் வெளியே! தார் அட்டையைச் சுரண்டவே எனக்கு நாலு நாள் ஆச்சு.

எதற்கு இவ்வளவு பாடு? நியூட்டனின் இரண்டாம் விதிதான். விசை = நிறை × முடுக்கம். விசை மாறாமல் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்:

கார் 880 கிலோ + ஓட்டுநர் 70 கிலோ = 950 கிலோ.
கழற்றியது 140 கிலோ. பாதுகாப்புக்காகப் புதிதாகச் சேர்த்தது 40 கிலோ.
மிச்சம் 850 கிலோ.

இன்ஜின் 85 குதிரைத்திறன் என்றால், இப்போது கார் எப்படி இழுக்கும்? 85 × 950 ÷ 850 = 95. அதாவது இன்ஜினைத் தொடாமலே 10 குதிரை சும்மா கிடைத்தது! இன்ஜினில் செலவு செய்து 10 குதிரை ஏற்றினால் அது வேகமெடுக்க மட்டும்தான் உதவும். எடை குறைந்தால் பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும்கூட உதவும்.

படி 3: இரும்புக் கூண்டு

இதுதான் முக்கியம் நண்பர்களே. கார் உருண்டால் மேற்கூரைத் தகரம் நசுங்கிவிடும். அதனால் உள்ளே குழாயால் ஒரு கூண்டு கட்டுகிறார்கள். 'ரோல் கேஜ்' என்று பெயர். கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாய் இதற்கு ஆகாது! சர்வதேச விதிப்படி ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்குத் தையல் இல்லாத எஃகுக் குழாய் வேண்டும். குறுக்களவு 45 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ. (அல்லது 50 மி.மீ.-க்கு 2 மி.மீ.)

கூண்டில் குறுக்குக் குழாய் ஏன்? ஒரு சோதனை செய்யுங்கள். நாலு ஐஸ் குச்சியை முனையில் குண்டூசி குத்திச் சதுரமாக்குங்கள். அமுக்கினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்யுங்கள். அமுக்கினாலும் அசையாது. மூலைக்கு மூலை ஒரு குழாய் போட்டால் சதுரம் இரண்டு முக்கோணம் ஆகிவிடுகிறது. பாலத்திலும் மின்கோபுரத்திலும் இருப்பது இதே கணக்குத்தான்.

எங்க மாமா வீட்டில் இதற்குத்தான் சண்டை. கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும்: இன்ஜின் வேலையா, கூண்டா? பட்டறைப் பையன்கள் எல்லாம் "இன்ஜின்!" என்றார்கள். அத்தை மட்டும், "கூண்டு இல்லாம வண்டி வாசலைத் தாண்டக் கூடாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூண்டுதான் வந்தது.

கூண்டோடு கூட வேண்டியவை: உடம்பைப் பிடித்துக்கொள்ளும் பக்கெட் சீட், ஆறு இடத்தில் மாட்டும் பெல்ட், தீயணைப்பான், வெளியில் இருந்தும் கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை. தலை படக்கூடிய குழாயில் எல்லாம் கெட்டியான பஞ்சு உறை சுற்றணும்.

படி 4: பிரேக் (எங்களுக்குக் கிடைத்த பாடம்)

கார் 144 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதாவது விநாடிக்கு 40 மீட்டர். வளைவுக்காக விநாடிக்கு 20 மீட்டராகக் குறைக்கணும். இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம்.

½ × 850 × (1600 − 400) = 5,10,000 ஜூல்.

இவ்வளவு ஆற்றலும் எங்கே போகும்? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகத்தான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 2,94,000 ஜூல் போதும். அப்படியென்றால் ஒரு தடவை பிரேக் பிடிப்பது, டீக்கடை அடுப்பில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைச் சுட வைப்பதற்குச் சமம். அதுவும் இரண்டு மூன்று விநாடிக்குள்! ஒரு சுற்றில் பல தடவை இப்படி.

நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 4' வகை புதிதாக இருந்தால் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

பயிற்சிக்குப் போன முதல் நாள் இதுதான் நடந்தது. "ரோட்டில் நல்லாத்தானே பிடிச்சுது" என்று மாமா பழைய ஆயிலையே விட்டுவிட்டார். மூன்றாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி ஆனதாம். நாலாவது சுற்றில் தரை வரைக்கும் போய்விட்டது. வளைவில் திரும்பாமல் கார் நேராக மண்ணுக்குள் பாய்ந்து டயர் சுவரில் முட்டி நின்றது. தூசி அடங்கும் வரை எனக்கு மூச்சே வரவில்லை. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பிறகு மாமா தானாகவே இறங்கி நடந்து வந்தார். பம்பர் போயிற்று. பெல்ட்டும் சீட்டும் அவரைக் காப்பாற்றின.

வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "தப்பு என் மேல மாப்ள. முந்நூறு நானூறு ரூபா ஆயிலுக்குச் சோம்பல் பட்டுட்டேன்." இப்போது ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் அத்தை கேட்கிற ஒரே கேள்வி, "ஆயில் மாத்தியாச்சுங்களா?"

படி 5: டயர், ஸ்பிரிங், கடைசியாக இன்ஜின்

காருக்கும் தரைக்கும் உள்ள உறவு நாலு டயரும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடம்தான். அதனால் நல்ல டயர், வளைவில் கார் அதிகம் சாயாமல் இருக்கக் கெட்டியான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், புது புஷ். இன்ஜினில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஆயில் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்தார். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்குக் கிடைக்காமல் போனால் பேரிங் தேய்ந்துவிடும். பஸ் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்வது போலத்தான்! எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி, அதன் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கவனிக்க வேண்டியது

இப்படி மாற்றிய காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் மாமா காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார். ஓட்டுகிறவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். போட்டிக்கு முன் பெல்ட் முதல் போல்ட் வரை சோதிப்பார்கள்.

கடைசியாக ஒன்று. பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், முன்பு ராத்திரியில் பைபாஸில் பைக் ரேஸ் விட்டவர். இப்போது நொண்டித்தான் நடக்கிறார். கூண்டு வெல்டிங் செய்யும்போது நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "டிராக்குல மண்ணு இருக்கு, டயர் சுவர் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது. எனக்கு முன்னால நின்னது மணல் லாரி தம்பி" என்றார். நம்ம பள்ளியிலும் சிலர் அண்ணனின் பைக்கில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதுதான் ரேஸ் என்கிறார்கள். ரேஸ் காரில் முதலில் ஏறுவது வேகம் இல்லை, கூண்டு. இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள்: வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிறுத்தும்போது பிரேக்கில் வரும் வெப்பம் எத்தனை மடங்கு ஆகும்? (விடை அடுத்த இதழில்!)

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்