சரக்கு அறிவோம்: கல்பாசி மூட்டையில் கலந்து வரும் தாடிப்பாசி

செட்டிநாட்டு மசாலாவுக்கும் பிரியாணிக்கும் மணம் தரும் கல்பாசி, எல்லா மளிகைக் கடைகளிலும் உள்ள சரக்கு. விற்பனை கிராம் கணக்கில்தான் நடக்கும்; ஆனால் விலை அதிகம் என்பதால் கலப்புக்கு இடம் கொடுக்கும் சரக்கும் இதுவே. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் இலை போன்ற துண்டுகளுக்கு நடுவே வெளிர் பச்சை நிறத்தில் நார் நாராக, கிழவர் தாடி போல் ஒன்று சிக்கியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது என்ன, அதைக் கல்பாசி என்று விற்கலாமா, எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்தப் பாடம்.

பாசி அல்ல, கூட்டுக் குடும்பம்

பெயரில் பாசி என்றிருந்தாலும் கல்பாசி குளத்துப் பாசியும் அல்ல, கடல்பாசியும் அல்ல. (வாடிக்கையாளர் "பாசி" என்று மட்டும் கேட்டால், இனிப்புக்கா மசாலாவுக்கா என்று கேட்டுக் கொடுப்பது நலம்.) இது லைக்கன் எனப்படும் உயிரினம். ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் கூட்டு வியாபாரம் போல் சேர்ந்து வாழ்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைக் காக்கிறது. இந்த உண்மையை 1867ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சைமன் சுவெண்டனர் முதலில் எடுத்துச் சொன்னபோது பலர் ஏற்க மறுத்தார்கள். இன்று அது பாடப்புத்தகச் செய்தி.

லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்தின் மேல் வளர்ந்தாலும் மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. மழையிலும் பனியிலும் காற்றிலும் வருவதே அதற்கு உணவு. ஆகவே காற்றில் உள்ள நல்லதும் கெட்டதும் நேராக அதன் உடலுக்குள் போகின்றன. நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு அதற்கு எமன். இங்கிலாந்தில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர் 1970இல், எந்த மரத்தில் எந்த லைக்கன் வளர்கிறது என்பதை வைத்தே காற்றின் தூய்மையைப் பூஜ்யம் முதல் 10 வரை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். நீண்டு தொங்கும் தாடி வகைகளுக்கு அதில் தூய காற்றுள்ள மேல்படிகளில்தான் இடம். நம் பக்கத்தில் நீலகிரி, கொடைக்கானல் சோலைக் காடுகளில் மரக்கிளைகளில் இவை தொங்குவதைக் காணலாம். சென்னைச் சாலை மரங்களில் காண முடியாது.

தாடிப்பாசியை அறிவது எப்படி?

இதன் அறிவியல் பெயர் உஸ்னியா. கீழ்க்கண்ட சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

1. உருவம்: நார்கள் உருண்டையாக, நூல் போல் இருக்கும். பெரிய நாரிலிருந்து சிறு நார்கள் கிளைத்திருக்கும். இலை போன்ற பரப்பு இராது.

2. நிறம்: மஞ்சள் கலந்த வெளிர் பச்சை. உஸ்னிக் அமிலம் என்ற பொருள்தான் இந்த நிறத்துக்குக் காரணம். சில வகைகள் சிவந்தும் இருக்கும்.

3. இழுப்புச் சோதனை: இதுதான் முடிவான சோதனை. சற்றுத் தடித்த நார் ஒன்றைச் சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் வளையம் வளையமாக வெடித்து விலகும். உள்ளே ரப்பர் போல் நீளும் வெள்ளை நூல் ஒன்று தெரியும். அந்த நூல் இருந்தால் உஸ்னியா. காய்ந்த நாரை இழுத்தால் அப்படியே முறிந்துவிடும். எனவே ஊறவைக்க மறக்க வேண்டாம்.

இதைப் போலவே தோன்றும் வேறு சரக்குகளும் உண்டு. நார் உருண்டையாக இல்லாமல் நாடா போல் தட்டையாக, இரு பக்கமும் ஒரே பச்சையாக இருந்து, உள்ளே நூல் இல்லாவிட்டால் அது ராமலினா என்ற வகை. இமயமலைச் சரக்கில் கறுத்த தலைமுடி போல் வருவது பிரையோரியா. அதிலும் வெள்ளை நூல் கிடையாது.

நல்ல கல்பாசி எது?

கல்பாசி என்று நாம் விற்க வேண்டியது பார்மோட்ரீமா என்னும் இலை வகை. மேல்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு, ஓரங்கள் சுருண்டிருக்கும். இரு பக்கமும் இரு நிறம் என்பதே முதல் அடையாளம். குறுகிய நாடாவாக, மேலே சாம்பலும் கீழே கறுப்பும், ஓரத்தில் கறுப்பு மயிரும் உள்ள வேறொரு வகையும் வடக்கிலிருந்து கல்பாசி என்றே வருகிறது. உத்தரகண்ட் மாநிலத்தில் ராம்நகர், தனக்பூர் மண்டிகளில் இவையெல்லாம் "ஜூலா" என்ற ஒரே பெயரில் கலந்து விற்பனையாவதால், தாடிப்பாசி மூட்டைக்குள் வருவது எப்போதும் மோசடி என்று சொல்வதற்கில்லை. பொறுக்குபவர் கைக்கு வந்ததைப் பொறுக்குகிறார். தரம் பிரிக்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு.

பிரிப்பதால் என்ன லாபம்?

முதலாவது, உடல்நலம். உஸ்னிக் அமிலம் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அந்த அமிலத்தின் உப்புச் சேர்த்த உடல் மெலிவு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2001 நவம்பரில் எச்சரித்தது. குழம்பில் விழும் ஒரு நாரும் மாத்திரையும் ஒன்றல்ல. வீண் பயம் வேண்டாம். ஆனால் மசாலாவுக்கு என்று கேட்டவருக்குத் தாடிப்பாசியை நிறுத்துக் கொடுப்பது முறையல்ல. அது தூபத்துக்கும், சாயத்துக்கும் பயன்படும் சரக்கு. பிரித்தெடுத்துத் தனிப் பெயரில், உணவுக்கு அல்ல என்று எழுதி வைக்கலாம். ஒரு பொருளை இன்னொன்றின் பெயரில் விற்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமே.

இரண்டாவது, கணக்கு. ஒரு உதாரணம் பார்ப்போம். கிலோ 600 ரூபாய் மூட்டையில் 100 கிராம் மாதிரி எடுத்துப் பிரிக்கிறீர்கள். இலை 60 கிராம், தாடி 25, பட்டையும் மண்ணும் 15. அப்படியானால் கல்பாசியின் உண்மையான அடக்கம் கிலோ 1,000 ரூபாய். பக்கத்து மூட்டை கிலோ 800. ஆனால் 100 கிராமில் இலை 90 கிராம். அதன் அடக்கம் ஏறக்குறைய 889 ரூபாய்தான். 200 ரூபாய் மலிவு என்று தோன்றிய மூட்டை, 111 ரூபாய் அதிகமாகிறது. தாடியைத் தனியே விற்று வரும் காசைக் கழித்தாலும் சிறு சரக்கில் அது பெரும்பாலும் ஈடுகட்டாது.

மூன்றாவது, ஈரம். லைக்கன் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடும். விரலால் மடக்கினால் நொறுங்குவது காய்ந்த சரக்கு. துவண்டு வளைவது ஈரச் சரக்கு. மழைக்காலக் கொள்முதலில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை

லைக்கன் மிக மெதுவாக வளரும். பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒரு கிளையை வழித்தெடுத்தால் அது மீள்வதற்குப் பல ஆண்டுகளாகும். காற்றிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே வனத்துறை அனுமதியின்றிக் காட்டிலிருந்து வருவதையும், போக்குவரத்து மிகுந்த சாலையோர மரங்களில் சுரண்டியதையும் வாங்காதீர்கள். சரக்கு எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

நினைவில் கொள்க

இரு பக்கம் இரு நிற இலை, கல்பாசி. நூல் உருவம், உள்ளே நீளும் வெள்ளை நூல், தாடிப்பாசி. தட்டை நாடா, ஒரே பச்சை, நூல் இல்லை, ராமலினா. கடைச் சிப்பந்திகளுக்கும் ஒருமுறை ஊறவைத்து இழுத்துக் காட்டிவிடுங்கள். அடுத்த மூட்டை வரும்போது விலை பேசும் முன் 100 கிராம் பிரித்துப் பாருங்கள். பேரம் தானாகவே நியாயத்துக்கு வரும்.