கருத்தடை முறையைத் தெரிந்தெடுத்தல்

1965-ஆம் ஆண்டில் ‘லூப்’ எனப்பட்ட கருப்பைச் சாதனம் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இடம் பெற்றது. தொடக்கத்தில் விரைந்து பரவிய இச்சாதனம் சில ஆண்டுகளுக்குள்ளேயே மக்களின் நம்பிக்கையை இழந்தது. சாதனத்தின் குறை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. பொருத்தியபின் சிலருக்கு இரத்தப்போக்கு மிகும், அடிவயிறு வலிக்கும் என்பது பல இடங்களில் முன்கூட்டி எடுத்துச் சொல்லப்படவில்லை. பின்னர்ச் சென்று கவனிப்பாரும் குறைவாகவே இருந்தனர். எண்ணிக்கை இலக்கு நோக்கிய அவசரத்தில் விளக்கம் விடுபட்டது. வதந்தி அவ்விடத்தை நிரப்பிற்று. அத்தகைய இலக்குகள் 1996-ல்தான் நாடு முழுவதும் கைவிடப்பட்டன.

ஆதலின், முறைகளின் பட்டியலை ஒப்புவிக்குமுன் ஊழியர் கேட்டறிய வேண்டியவை சில உள. இனிக் குழந்தை வேண்டுமா? வேண்டுமெனில் எவ்வளவு காலம் கழித்து? கைக்குழந்தை தாய்ப்பால் உண்கிறதா? இரத்த அழுத்தம், இரத்தச்சோகை உண்டா?

இரண்டு மாதக் குழந்தைக்குப் பாலூட்டும் தாய் ஒருத்தி, மூன்றாண்டு இடைவெளி விரும்புகிறாள் எனக் கொள்வோம். நாள்தோறும் உண்ணும் ‘மாலா-என்’ மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் உள்ளமையால், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் அது அவளுக்கு ஏற்றதன்று. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ‘சாயா’ ஸ்டீராய்டு கலவாதது, பாலூட்டுவோரும் உண்ணலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை உண்ண வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். ‘அந்தரா’ ஊசி மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படுவது. மாதவிலக்கு ஒழுங்கு மாறலாம், நின்றும் போகலாம். ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதம் ஆகும். மாத்திரையை மறந்துவிடக் கூடியவளுக்கு காப்பர்-டி பொருத்தம். 380ஏ வகை பத்தாண்டு வரை பயன்படும், விரும்பியபோது எடுத்துவிடலாம். ஆயினும் ஏற்கெனவே மிகுந்த உதிரப்போக்கும் சோகையும் உடையவளுக்கு வேறு முறையே நன்று. இம்முறைகள் எவையும் பால்வினை நோயைத் தடுப்பதில்லை. அத்தடை ஆணுறையால் மட்டுமே கிட்டும்.

இனிக் குழந்தை வேண்டா என இருவரும் முடிவு செய்தால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். இங்கு ஒரு முரண் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாமே இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடே. ஆனால், ஆணுக்குரிய சிகிச்சையே எளியது. வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. ஆண்மை குன்றும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. விரைகள் சுரக்கும் ஹார்மோன் வழக்கம்போல் இரத்தத்தில் கலக்கிறது. எனினும், குழாயில் எஞ்சிய அணுக்கள் உடனே நீங்குவதில்லை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லையென உறுதியாகும்வரை தம்பதியர் வேறொரு முறையைக் கைக்கொள்ள வேண்டும்.