ஒரே குழம்பு, இரண்டு தட்டு: சைவமும் கவிச்சியும் சேர்ந்த வீட்டுக்கு ஒரு மாதக் கணக்கு

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். இந்த வட்டாரத்தில் சைவம் பிறந்த குடும்பத்தின் வழக்கமாக மட்டும் வருவதில்லை. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அதன் பிறகு, பரம்பரையாக ஆடும் மீனும் சாப்பிட்ட வீடுகளிலேயே யாராவது ஒருவர் அவருடைய சன்மார்க்க வழிக்கு வந்து கவிச்சியை விட்டுவிடுவது இங்கே சகஜமாகிவிட்டது. விட்டவருக்கும் விடாதவருக்கும் கல்யாணமும் நடக்கிறது. சில வீடுகளில் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, தைப்பூசத்துக்கு ஜோதி பார்த்துவிட்டு வந்தவர் "இனிமே எனக்கு வேணாம்" என்று சொல்லிவிடுகிறார்.

கொள்கையில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. தேதி இருபதைத் தாண்டும்போது பணத்தில்தான் இடிக்கும். "உங்க மீனுக்கே பாதிக் காசு போயிடுது" என்பார் மனைவி. "உன் தயிரு, நெய்யி, பன்னீரை யாரு கணக்குல எழுதுறது?" என்பார் கணவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் நோட்டில் எழுதிப் பார்த்ததில்லை என்பதுதான் குறை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீடு. கணவர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, கவிச்சி சாப்பிடுபவர். மனைவி முந்திரி உடைக்கப் போகிறவர், சைவம். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை. கேஸ் நீங்கலாகச் சாப்பாட்டுக்கு மாதம் 6,000 ரூபாய். கீழே வரும் கடை விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ரேஷன் கடை

அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இந்த மூன்றும் இரண்டு தட்டுக்கும் பொதுவான சரக்கு, அதனால் மாதம் தவறாமல் வாங்கிவிட வேண்டும். "ரேஷன் பருப்பு வேகாது" என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் குக்கரில் வையுங்கள், வேகும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை கேட்டுப் பாருங்கள். இருப்பு இருந்தால் கிடைக்கும்.

பணத்தை நான்காகப் பிரியுங்கள்

6,000-இல் 4,200 பொதுக் கணக்கு. பால், காய், கீரை, கூடுதல் பருப்பு, பயறு வகை, எண்ணெய், புளி, மிளகாய், வெங்காயம், இட்லிக்கான உளுந்து, பிள்ளைக்குப் பழம் எல்லாம் இதற்குள் அடக்கம். தினம் அரை லிட்டர் பால் 20 ரூபாய் என்றால் மாதம் 600. காய்க்கும் கீரைக்கும் நாளுக்கு 40 என்றால் 1,200. மீதி 2,400-இல் மளிகை.

அடுத்து, கணவருக்கு 700, மனைவிக்கு 700. மீதி 400-ஐத் தொடக்கூடாது; விருந்தாளி வந்தால், காய்ச்சல் வந்தால் எடுப்பதற்கு.

700-க்கு 700 என்பதில் கணவர்மார்கள் முதலில் முணுமுணுப்பார்கள். "அவளுக்கு எதுக்கு எழுநூறு? அவ பருப்பும் ரசமும்தானே சாப்பிடுறா?" கவிச்சிக்குக் காசு ஆகும், சைவத்துக்கு ஆகாது என்ற நினைப்பு இது. நடப்பில் என்ன ஆகிறதென்றால், ஞாயிற்றுக்கிழமை கணவருக்குக் கோழி, மனைவிக்கு வெறும் ரசம். இப்படியே போனால் சைவம் சாப்பிடுகிறவர் உடம்பில் தெரியும். அந்த 700 அவர் சத்துக்கான பணம்: காளான், நிலக்கடலை, கூடுதல் தயிர், கொஞ்சம் நெய். சமபங்கு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணவர் பங்கு இப்படிப் போகலாம்: ஞாயிறு அரைக் கிலோ கோழி, கிலோ 200 என்றால் மாதம் 400. வாரத்தில் ஒருநாள் மத்தியோ காரப்பொடியோ 60 ரூபாய்க்கு, மாதம் 240. மிச்சம் 60-க்குக் கருவாடு. ஆட்டுக்கறிக்கு இதில் இடமில்லை, அது தீபாவளிக்கு. முட்டை வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோழியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த 100 ரூபாய்க்குப் பதினாறு முட்டை வரும்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரிலிருந்து அது வீட்டுத் தலைவியின் கணக்கில் விழுகிறது. அதைச் சமையலில் போட்டால் நோட்டில் அவர் பெயரில் வரவு வையுங்கள். பெயர் இல்லாமல் கரையவிட்டால், கடைசியில் "நான்தானே சம்பாதிக்கிறேன்" என்ற பேச்சு வரும்.

விலையைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். இந்த 50 கிராமைக் குறைந்த காசில் யார் தட்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கிறது. முட்டை 6 ரூபாய் என்றால் கிராம் ஒரு ரூபாய். கிலோ 100 ரூபாய்க் கறுப்புக் கொண்டைக்கடலையில் கிராம் ஏறக்குறைய 50 பைசா. நிலக்கடலையும் கொள்ளும் அதே பக்கம். பால் லிட்டர் 40 என்றால் ஒன்றேகால் ரூபாய். கோழி, எலும்பு கழித்தால், ஒன்றரை ரூபாய் பக்கம் வரும். கிலோ 400 ரூபாய்ப் பன்னீர் இரண்டு ரூபாயைத் தாண்டும். ஆட்டுக்கறி இதற்கெல்லாம் எட்டாத உயரம்.

ஆகவே, கோழிக்குப் பதிலாகப் பன்னீர் என்று மாற்றுவது இந்தப் பட்ஜெட்டுக்கு ஆகாத காரியம். பன்னீரை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, சைவத் தட்டில் தினமும் ஒரு கைப்பிடி சுண்டலோ முளைகட்டிய பயறோ விழும்படி செய்யுங்கள். சோயா உருண்டை மலிவு, நூறு கிராமில் பாதி புரதம். வாசனை பிடிக்காதவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டு மசாலாவில் போடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டியது இரண்டு. பி12 சத்து செடிகொடியில் கிடைக்காது. பாலும் தயிரும்தான் வழி, அதையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது ஒட்டாது.

குழம்பை எங்கே பிரிப்பது

இரண்டு அடுப்பு, இரண்டு தாளிப்பு, இரண்டு குழம்பு என்று போனால் கேஸும் போகும், சமைக்கிறவர் இடுப்பும் போகும். முக்கால்வாசி தூரம் ஒரே குழம்பாகக் கொண்டுபோய்க் கடைசியில் பிரியுங்கள். இந்த ஊரின் பலாக்கொட்டைக் குழம்பை வைத்தே சொல்கிறேன்.

பலாக்கொட்டையை மேல்தோல் உரித்துத் தட்டி, தனியாக முக்கால் வேக்காடு வேகவையுங்கள். பெரிய சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, குழம்புத் தூள், புளிக்கரைசல் விட்டுக் கொதிக்கவிடுங்கள். உப்பைப் பாதி மட்டும் போடுங்கள், காரணம் பிறகு வருகிறது. காய் வெந்து எண்ணெய் பிரியத் தொடங்கும்போது பலாக்கொட்டையைச் சேர்த்து ஒரு கொதி. இப்போது சைவப் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்து, மீதி உப்பைப் போட்டு, மூடி, அடுப்பைவிட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பெரிய சட்டியில், வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவிய கருவாடு இறங்க வேண்டும். கருவாடே உப்பு. முதலிலேயே முழு உப்பும் போட்டிருந்தால் அந்தச் சட்டி வாயில் வைக்க விளங்காது.

மீன் குழம்பும் இதே வழிதான். மீன் வேகப் பத்து நிமிஷம் போதும், அதனால் கடைசியில் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. கோழி வைக்கிற நாளில் வறுத்து அரைத்த மசாலா பொது. ஒரு சட்டியில் கோழி, ஒன்றில் சோயாவோ காளானோ உருளைக்கிழங்கோ.

சட்டங்கள் சில. பிரித்த பிறகு கரண்டி மாறக்கூடாது. கைப்பிடியில் நூல் கட்டிய கரண்டி கவிச்சிக்கு. வறுக்கிற நாளில் முதலில் அப்பளம், பிறகு மீன். மீன் வறுத்த எண்ணெய் திரும்பச் சைவத்துக்கு வரக்கூடாது. தோசைக்கல் இரண்டு இருக்கட்டும், பழைய கல் மீனுக்கு. ஃபிரிட்ஜில் கவிச்சிக்கு இறுக்கமான மூடி போட்ட டப்பா, கீழ்த்தட்டில்.

சிலருக்கு ஒரே அடுப்பில் வைப்பதே மனசுக்கு ஒப்பாது. அதை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள்; கொல்லாமையைப் பெரிதாக நினைக்கிறவருக்கு அது உள்ளபடியே அருவருப்பு. வெளியே விறகடுப்பு இருக்கும் வீட்டில் வழி சுலபம்: முந்திரி விறகு, மண்சட்டி, கணவரே கழுவி, ஆய்ந்து, வைக்கட்டும். கவிச்சி வேண்டும் என்பவர் மீன் ஆயக் கற்றுக்கொள்வது எந்த வகையிலும் கெட்டதில்லை. சாப்பிடாதவர் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

நாள்காட்டி பாதி வேலையைச் செய்கிறது

கவிச்சி வீடுகளிலேயே வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்று சைவ நாட்கள் இருக்கின்றன. புரட்டாசி முழுக்கச் சிலருக்கு விரதம். ஐயப்பனுக்கு மாலை போட்டால் கார்த்திகை மார்கழியும் போய்விடும். நாள்காட்டியில் வட்டமிட்டுப் பாருங்கள். கவிச்சிக்கு மிஞ்சும் நாட்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். அந்த நாட்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் தினமும் கேள்வி எழாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகரிலிருந்து வரும் மீன் குறையும், விலை ஏறும். அதே சமயத்தில்தான் பண்ருட்டிப் பக்கம் பலாக் காலம் உச்சத்தில் இருக்கும். மீனை நிறுத்திக் கருவாட்டுக்கும் முட்டைக்கும் மாறிக்கொள்ளுங்கள். கருவாட்டைத் தடைக்காலத்துக்கு முன்பே வாங்கி வெயிலில் காட்டி வைத்துவிட வேண்டும். சைவத் தட்டுக்குப் பலாப்பிஞ்சுக் கூட்டும் பொரியலும். கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்; நன்றாகக் காயவைத்து மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலம் வரை குழம்புக்கு ஆகும்.

பிள்ளை எந்தத் தட்டில்?

இதில் அரசு ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறது. பள்ளிச் சத்துணவில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வீட்டிலும் பொதுச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, மேலே வைப்பதைப் பிள்ளையிடம் கேளுங்கள். அம்மா பக்கமா அப்பா பக்கமா என்ற போட்டியாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைக்கு ஆகும் செலவு முழுக்கப் பொதுக் கணக்கு, முட்டையானாலும் சரி, பழமானாலும் சரி.

பணம் முடையாகும் கடைசி வாரம்

எந்தக் கணக்கும் முதல் இரண்டு மாதம் இடிக்கும். ஒருவர் 700-ஐப் பதினெட்டாம் தேதியே முடித்துவிட்டால், அடுத்தவர் பங்கிலிருந்து கடன் வாங்கக்கூடாது. அந்த மாதம் பொதுத் தட்டோடு சரி. பொதுக் கணக்கே குறைந்தால் வெட்ட வேண்டிய வரிசை இது: பேக்கரிப் பலகாரம், பாட்டில் குளிர்பானம், பரோட்டா பார்சல், சர்க்கரை, பிறகு எண்ணெயில் பொரித்தவை. ஒரு பரோட்டா பார்சல் காசில் கால் கிலோ கடலையும் ஒரு கட்டுக் கீரையும் வந்துவிடும். அதற்கும் மேல் குறைந்தால் கவிச்சியிலும் நெய்யிலும் சரிபாதியாகக் குறையுங்கள். பருப்பிலும் பிள்ளையின் பாலிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.