வல்லிசைக்கு ஏற்ற பிக்கப் யாது?

நரம்பைத் தெறித்தால் ஓசை பிறக்கும். அவ்வோசையை வளர்த்துத் தருதற்கு யாழுக்குப் பத்தரும் வீணைக்குக் குடமும் உண்டு. மின் கிற்றாருக்கோ அத்தகைய உறுப்பு இன்றியமையாததன்று. அதன் உடல் பெரும்பாலும் கெட்டிப் பலகையே. நரம்பின் அசைவை மின்னாக மாற்றிப் பெருக்கிக்கு அனுப்புவது, நரம்புகளின் கீழே பதிக்கப்பட்ட பிக்கப் என்னும் சிறு கருவியாகும்.

ஹெவி மெற்றல் என்னும் வல்லிசையில் நாட்டங்கொண்ட மாணவர் பலர், மின்கலத்தால் இயங்கும் ‘அக்ரிவ்’ பிக்கப் ஒன்றை வாங்கிப் பொருத்தினாலே அவ்விசைக்குரிய வன்மை வந்துவிடும் என எண்ணுகின்றனர். அதன் விலையோ மாணவரின் கைக்கு எளிதன்று. ஆதலின், அதன் இயல்பு யாது, யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டா என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பிக்கப் தொழிற்படும் முறை

காந்தம் ஒன்றைச் சூழ, மயிரிழை போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்பட்டிருக்கும். உருக்கு நரம்பு காந்தப்புலத்தில் அசையுந்தோறும் புலம் மாறும். அம்மாற்றத்தால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்ட மின்காந்தத் தூண்டலே இது. நைலோன் நரம்பை இக்கருவி உணராமைக்கும் இதுவே காரணம்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறையுண்டு. நரம்பின் அசைவோடு, அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது பற்றிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்திற் பணியாற்றிய சேத் லவர் என்பார், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளுமாறு செய்து, 1955இல் அதற்குக் காப்புரிமை கோரினார். ‘ஹம்பக்கர்’ எனப்படும் இவ்வமைப்பே வல்லிசைக்கு அடிப்படையாயிற்று.

பாசிவ் பிக்கப்பின் எல்லை

மின்கலம் வேண்டாத பழைய வகை ‘பாசிவ்’ எனப்படும். இதன் வெளியீட்டை மிகுவிக்கச் சுற்றுக்களைக் கூட்டலாம். வலிய காந்தத்தை வைக்கலாம். 1972இல் வெளிவந்த டிமாசியோ நிறுவனத்தின் ‘சுப்பர் டிஸ்ரோஷன்’ இவ்வழியில் எழுந்தது. ஆயின், சுற்றுக்கள் பெருகத் தூண்டற்றிறனும் பெருகும். உச்ச ஒலிகள் மங்கும். காந்தம் மிக வலிதாயின் அது நரம்பையே இழுத்து, அதன் இயல்பான அதிர்வைக் கெடுக்கும்.

மின்வடத்தின் நீளமும் இவ்வகையைப் பாதிக்கும். ஒரு மீற்றர் வடத்தின் கொள்ளளவம் ஏறத்தாழ 100 பிக்கோபரட்டு எனக் கொள்வோம். சுருளின் தூண்டற்றிறன் 4 ஹென்றி, அதன் சொந்தக் கொள்ளளவம் 100 பிக்கோபரட்டு ஆயின், 3 மீற்றர் வடத்தோடு மொத்தக் கொள்ளளவம் 400 ஆகும். அப்போது பரிவு மீடிறன் ஏறத்தாழ 4,000 ஹேட்ஸ். அதே கிற்றாரை 8 மீற்றர் வடத்தில் இணைத்தால், மொத்தம் 900 ஆகிப் பரிவு 2,650 ஹேட்ஸ் அளவிற்கு இறங்கும். கிற்றாரும் வாசிப்போரும் மாறாதிருப்பவும், வடம் நீண்ட துணையானே ஒலியின் கூர்மை குன்றும் என்க.

அக்ரிவ் வகையின் உண்மை

1976இல் கலிபோர்ணியாவில் றொப் ரேணர் தொடங்கிய சிறு முயற்சியே பின்னர் ஈ. எம். ஜி. என்னும் பெயர் பெற்ற நிறுவனம். அக்ரிவ் பிக்கப் என்றவுடன் பலரும் நினைப்பது அதனையே. இவ்வகையிலுள்ள சுருள் வலியது எனப் பலர் கருதுவர்; உண்மை அதற்கு மாறானது. இதிற் சுற்றுக்கள் குறைவு. நரம்பை இழுக்கும் காந்தவிசையும் குறைவு. சுருள் தரும் மின்னழுத்தமும் சிறிதே. அச்சிறு மின்னழுத்தத்தைப் பிக்கப்பின் உள்ளேயே அமைந்த முன்பெருக்கி ஒன்று, 9 வோல்ற்று மின்கலத்தின் துணையால் வளர்த்து வெளியே விடுகின்றது. வெளிவரும்போது அதன் தடங்கல் 10 கிலோ ஓம் அளவினதே ஆதலின், வடம் நீண்டாலும் ஒலி மங்குவதில்லை.

எனவே, இதன் சிறப்பு உரத்த ஒலியன்று. இரைச்சலின்மையும் தெளிவுமே ஆகும். வல்லிசையில் இது பெரிதும் வேண்டப்படுவது ஏன்? அவ்விசையில் ஒலியைப் பெருக்கியிற் பன்மடங்கு பெருக்கித் திரிபுறச் செய்வர். நரம்பொலி பெருகும்போது இரைச்சலும் உடன் பெருகும். வாசிப்போர் உள்ளங்கை ஓரத்தால் நரம்பை அடக்கி, வெட்டி வெட்டி மீட்டுவர். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே மௌனம் நிற்றல் வேண்டும். அவ்விடத்தை இரைச்சல் நிரப்பின் வன்மை போய்விடும்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது எளிதில் விளங்கும். ‘வெட்டு’, ‘தாக்கு’ என்னுஞ் சொற்களில் வல்லொற்று வருமிடத்து வாய் அடைபட்டு ஓசை ஒரு கணம் நின்றுவிடுகின்றது. அரை மாத்திரை அளவினதாகிய அவ்வடைப்பே சொல்லுக்கு வன்மை தருவது. தொல்காப்பியர் கூறும் 20 வண்ணங்களுள் வல்லிசை வண்ணம் இத்தகைய எழுத்துக்கள் செறிந்து நடப்பது. ஓசையால் மட்டுமன்றி, ஓசை நிற்றலாலும் வல்லிசை பிறக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

தெரிவு செய்யும் முறை

ஈ. எம். ஜி. வகைகளுள் 81 என்பது செரமிக் காந்தம் உடையது; கூரிய, இறுகிய ஒலியினது; பாலத்தின் அருகே வைத்துத் தாளக்கட்டு வாசிப்பார்க்கு ஏற்றது. 85 என்பது அல்நிக்கோக் காந்தம் உடையது. ஒலி சற்றுத் தடித்தும் கனிந்தும் இருக்கும். கழுத்துப் பக்கம் வைத்துத் தனி வாசிப்புக்குப் பயன்படுத்துவர். 60 என்பது திரிபில்லாத தெளிந்த ஒலிக்கு உகந்தது. மெற்றாலிக்காக் குழுவின் ஜேம்ஸ் ஹெற்பீல்ட் பாலத்தருகே 81உம் கழுத்தருகே 60உம் கொண்டு பெயர்பெற்றவர். 2014இல் வந்த பிஷ்மன் புளூவென்ஸ், சுற்றிய கம்பிக்குப் பதிலாக அச்சிட்ட சுற்றுப்பலகை அடுக்குகளைக் கொண்டது. ஒரே பிக்கப்பில் வெவ்வேறு குரல்களைத் தரவல்லது.

ஆயினும், அக்ரிவ் இன்றேல் வல்லிசை இல்லை என்பது பொருந்தாது. பிளக் சபத் குழுவின் ரொனி அயோமி 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அக்ரிவ் பிக்கப் எதுவும் அவர் கையில் இல்லை. பன்ரெராக் குழுவின் டைம்பாக் டரல் புகழ்பெற்றதும் பாசிவ் பிக்கப்பினாலேயே. ஒலிக் குமிழைத் திருகியே தெளிந்த ஒலியிலிருந்து திரிந்த ஒலிவரை பல நிலைகளையும் வேண்டுவார்க்குப் பாசிவ் வகையே பெரும்பாலும் உவப்பானது.

வாங்குமுன் நோக்கவேண்டியவை சில உள. கிற்றாரின் உட்குழியில் மின்கலத்துக்கு இடமுண்டா எனப் பார்க்க. பாசிவ் வகைக்குரிய 250 அல்லது 500 கிலோ ஓம் குமிழ்கள் அக்ரிவ் வகைக்கு ஒவ்வா. 25 கிலோ ஓம் குமிழ்கள் வேண்டும். ஆதலின் ஒன்றை அக்ரிவ் ஆகவும் மற்றையதைப் பாசிவ் ஆகவும் கலந்து பொருத்துதல் தொல்லை தரும். செருகி செருகப்பட்டிருக்கும்வரை மின்கலம் செலவாகும். வாசித்து முடிந்ததும் அதனைக் கழற்றிவிடுக. ஈ. எம். ஜி. 81 ஒன்று இழுக்கும் மின்னோட்டம் 80 மைக்குரோ அம்பியர் மட்டுமே. ஒரு மின்கலம் ஏறத்தாழ 3,000 மணிநேரம் தாங்கும். இரண்டு பிக்கப் இருப்பின் அது பாதியாகும். மின்கலம் சோர்ந்தால் ஒலி மெலிந்து சிதையும். மேடையேறும் நாளுக்கு முன்பே அதனை மாற்றிவிடுதல் நன்று.

இவையெல்லாவற்றிற்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய நரம்புகளை மாற்றுக. சுருதியைச் செம்மை செய்க. இப்போதுள்ள பிக்கப்பை நரம்புக்குச் சற்று அணித்தாகவும் சேய்த்தாகவும் வைத்துக் கேட்க. பின்பு கிற்றாரின் ஒலிக் குமிழை முற்றாக மூடிப் பார்க்க. அப்போதும் இரைச்சல் குறையாதிருப்பின், அது பெருக்கியிலிருந்தே பெரும்பாலும் வருவது. புதிய பிக்கப் அதனைப் போக்காது. குமிழை மூடியதும் இரைச்சல் அடங்கின், அது கிற்றாரின் வழியே வருவதாகும். உள்ளிணைப்புக்களும் வடமும் பழுதற்றிருப்பின், அக்ரிவ் பிக்கப்புக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. மாணவர்கள் இச்சோதனையைச் செய்தபின்னரே கடைக்குச் செல்வார்களாக.